விலைக்கு வாங்கிய வெற்றி

வட அமெரிக்க மலைகளிலும் காடுகளிலும் பெருவிலங்கு வேட்டைக்குச் செல்வோரிடையே ஒரு சொல் வழங்கி வருகிறது. 'ஃபேர் சேஸ்' என்பது அச்சொல். நேர்மை வேட்டை என்று அதனைத் தமிழில் கூறலாம். தன் விருப்பம்போல் திரியும் காட்டு விலங்கை, அது தப்பிப் பிழைப்பதற்கு உண்மையான வாய்ப்பை விட்டுவைத்து, முறையற்ற சாதகம் எதனையும் தேடிக்கொள்ளாமல், சட்டத்துக்கு உட்பட்டுத் தொடர்வதே நேர்மை வேட்டை என்பர். சொல் அழகியது, கருத்தும் உயர்ந்தது. ஆனால் அந்தச் சொல் இன்று எங்கே குடியிருக்கிறது? வேட்டைப் பயணங்களை ஏற்பாடு செய்து விற்கும் நிறுவனங்களின் விளம்பரத் தாள்களில் குடியிருக்கிறது. அதே தாளில், சென்ற ஆண்டு வந்த வாடிக்கையாளருள் நூற்றுக்கு எத்தனை பேர் கொம்போடு வீடு திரும்பினர் என்ற கணக்கும் தடித்த எழுத்தில் இருக்கிறது. விலங்கு தப்பிக்கலாம் என்பதும், வந்தவர் ஏமாற மாட்டார் என்பதும் ஒரே தாளில் எவ்வாறு இணைந்து அமரும்?

நேர்மை என்பது துப்பாக்கியின் விசையை விரல் தொடும் கணத்தில் பிறப்பது எனப் பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. வேட்டைக்குப் பல திங்கள் முன்னதாகவே, மேசைமேல் நிலப்படம் விரிக்கப்படும் பொழுதே அது தீர்மானமாகிவிடுகிறது. எங்கே செல்வது, எதனைக் கொண்டு செல்வது, யாரைக் கூலிக்கு அமர்த்துவது, எவ்வளவு தொலைவிலிருந்து சுடுவது ஆகிய கேள்விகளுக்கு விடை எழுதும் கை, விலங்கின் வாய்ப்பையும் உடன் எழுதிவிடுகிறது. வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பை அடியோடு துடைத்தெடுக்கும் திட்டம் எதுவாயினும், அதற்கு என்ன பெயர் சூட்டினாலும், அது கொள்முதல் திட்டமே அன்றி வேட்டைத் திட்டம் ஆகாது.

இந்தக் கொள்கை பிறந்த கதையை நினைவூட்டுவது தேவை. 1887-ஆம் ஆண்டு இறுதியில் தியடோர் ரூசவெல்ட் நியூயார்க்கில் தம் நண்பர்களைக் கூட்டிப் பூன் அண்டு கிராக்கெட் கழகத்தைத் தொடங்கினார். இதழாசிரியர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் அவருக்கு உற்ற துணையாக நின்றார். மேற்குச் சமவெளியில் கோடிக்கணக்கில் மேய்ந்த பைசன் என்னும் காட்டெருமை, ஆயிரம்கூட மிஞ்சாமல் அழிந்துகொண்டிருந்த காலம் அது. தோலுக்காகவும் நாக்குக்காகவும் சுட்டுத் தள்ளி, உடலை அழுகவிட்டுச் சென்ற கூட்டத்தின் கைவரிசை அது. அக்கழகத்தின் தொடக்க விதிகள் சில செயல்களை நேர்மை வேட்டை அல்ல என்று விலக்கின. கரடி, ஓநாய், மலைச்சிங்கம் ஆகியவற்றைப் பொறியில் சிக்கவைத்துக் கொல்லுதல். இரவில் ஒளியைக் காட்டி விலங்கை மயக்கிச் சுடுதல். ஆழ்ந்த பனியில் கால் புதைந்து தவிக்கும் மானைத் துரத்திக் கொல்லுதல். நீரில் நீந்தும் விலங்கைப் படகிலிருந்தபடி கொல்லுதல். இந்த நான்கிலும் ஓடும் ஒரே இழையைக் கூர்ந்து நோக்க வேண்டும். விலங்கின் காலும் கண்ணும் மூக்கும் செவியும் வேலை செய்யாத இடத்தில் அதைக் கொல்லாதே என்பதே அந்த இழை. இதைவிடத் தெளிவான உரைகல் இதுவரை கிடைக்கவில்லை. இன்றைய வேட்டைத் திட்டங்களை இந்தக் கல்லில் உரைத்துப் பார்த்தாலே போதும்.

அதற்குமுன் 1902-ஆம் ஆண்டு நவம்பரில் மிசிசிப்பி மாநிலத்துக் காட்டில் நடந்ததைக் கூற வேண்டும். குடியரசுத் தலைவராயிருந்த ரூசவெல்ட் கரடி வேட்டைக்கு வந்திருந்தார். அவர் கண்ணில் கரடி படவில்லை. வேட்டையை முன்னின்று நடத்தியவர் ஹோல்ட் காலியர்; அடிமையாகப் பிறந்து, அந்தக் காட்டின் தடங்களையெல்லாம் கற்றுத் தேர்ந்த வேட்டைக்காரர். அவருடைய நாய்கள் ஒரு கரடியை மடக்கின. காலியர் அதனை அடித்து வீழ்த்தி, கயிற்றால் மரத்தில் கட்டிவிட்டுத் தலைவரை வரவழைத்தார். வந்து பார்த்த ரூசவெல்ட் சுட மறுத்துவிட்டார். கிளிஃபோர்ட் பெரிமன் அதனைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். அந்தச் சித்திரத்தின் வழியே 'டெடி' கரடிப் பொம்மை பிறந்து உலகெங்கும் குழந்தைகளின் படுக்கையில் இடம் பிடித்தது.

கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவது வழக்கம். நிறுத்துவது தவறு. அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்த கரடியின் துன்பத்தை முடித்துவைக்கும்படி ரூசவெல்ட்டே பணித்தார். அது கத்தியால் கொல்லப்பட்டது. மறுத்தவரின் புகழ் வளர்ந்தது; கரடி பிழைக்கவில்லை. காலியரைக் குறை கூறுவதில் பொருளில்லை. தலைவர் வெறுங்கையோடு திரும்பலாகாது என்பதே அவருக்கு இடப்பட்ட பணி. உறுதியான வெற்றியைக் கேட்ட திட்டமே கரடியை மரத்தில் கட்டியது. கடைசி நொடியில் தோன்றிய பெருந்தன்மையால் அந்தத் திட்டத்தின் கறையைக் கழுவ இயலவில்லை.

நிற்க. வேட்டைக்காரர் செய்த நன்மையை மறைத்துவிட்டு அவர்மீது வழக்குத் தொடுப்பது நேர்மையாகாது. சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை மாநில எல்லை கடத்தி விற்பதைத் தடுத்த லேசி சட்டம் 1900-இல் வந்தது. 1937-இல் வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரிய வரிப் பணத்தை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கே ஒதுக்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் குறைந்துபோன எல்க் மான்கள் இன்று ஏறக்குறைய ஒரு மில்லியனாகப் பெருகியுள்ளன. அரை மில்லியன் அளவுக்குச் சுருங்கியிருந்த வெள்வால் மான்கள் முப்பது மில்லியன் அளவுக்கு வளர்ந்துள்ளன. வேட்டையாடும் குடிமக்கள் தாமே கேட்டு ஏற்ற கட்டுப்பாடும் வரியும் இதில் பெரும் பங்கு வகித்தன என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆயின், கட்டுப்பாட்டால் வந்த பெருமையைக் காட்டிக் கட்டுப்பாடற்ற செயலுக்கு உரிமை கேட்பதுதான் இன்று நடக்கிறது.

இனி உரைகல்லை எடுப்போம். தண்ணீர் அரிதான அரிசோனாப் பாலையில் ஒரு நீர்க்குட்டையைச் சுற்றி, அசைவைக் கண்டால் தானே படம் எடுக்கும் கருவிகள் வரிசையாகக் கட்டப்பட்டன. மான் நீர் அருந்த வந்த நாளும் நேரமும் படமாகப் பதிவாயின. சில கருவிகள் அப்படத்தை அந்த நொடியிலேயே வேட்டைக்காரரின் கைப்பேசிக்கு அனுப்பின. வேறு நீர்நிலை இல்லாத நிலத்தில் விலங்கு எங்கே போகும்? கூர்மையான மூக்கு இருந்து என்ன, வேகமான கால் இருந்து என்ன? தாகமே அதற்குப் பொறியாயிற்று. அம்மாநில வனவிலங்கு ஆணையம் 2021-இல் முடிவெடுத்து, 2022 சனவரி முதல் வேட்டைக்காக இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. அதனை எதிர்த்து எழுந்த கூக்குரல், வேட்டைக்காரரின் உரிமை பறிபோகிறது என்பதே. பல தலைமுறையாக மனிதர் குளம்படி பார்த்து வேட்டையாடிய நிலம் அது. படம் பார்க்கும் உரிமை எப்பொழுது பிறந்தது?

அலாஸ்காவின் விதி இன்னும் நுட்பமானது. சிறு விமானத்தில் பறந்து செல்லாமல் அம்மாநிலத்தின் பெரும்பகுதியை அடைய இயலாது; எனவே விமானத்தைத் தடுக்க வழியில்லை. ஆனால் பறந்து இறங்கியவர் மறுநாள் அதிகாலை 3 மணி வரை பெரும்பாலான பெருவிலங்குகளை வேட்டையாடலாகாது. மேலிருந்து கண்ட விலங்கு, ஓர் இரவில் நகர்ந்து மறைந்துவிடட்டும் என்று சட்டமே அதற்குக் கால அவகாசம் தருகிறது. ஆளில்லாச் சிறு விமானங்களைப் பறக்கவிட்டு விலங்கைத் தேடுவதை 2014-இல் கொலராடோவும் அலாஸ்காவும் தடுத்தன. வேட்டையை வெறுப்போர் எழுதிய சட்டங்கள் அல்ல இவை. காட்டை அறிந்தோர் எழுதியவை.

இந்தச் சட்டங்கள் எட்டாத இடம் ஒன்று உண்டு: தொலைவு. ஆயிரம் கெசத் தொலைவில் நிற்கும் விலங்கைச் சுட்டு வீழ்த்துவதற்கென்றே துப்பாக்கியும் தொலைநோக்கியும், தூரத்தையும் காற்றையும் கணக்கிடும் கருவியும் இன்று சேர்த்தே விற்கப்படுகின்றன. அத்தனை தொலைவில் மனிதனின் வாடை எட்டாது, காலடி ஓசை கேட்காது, உருவமும் தெரியாது. தோட்டா அங்கே போய்ச் சேர ஒரு நொடிக்கு மேலாகும். அந்த ஒரு நொடியில் எல்க் ஓர் அடி எடுத்து வைத்தால், நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும். குடல் கிழிந்த விலங்கு மலைச்சரிவில் ஓடி, இருட்டில் எங்கோ படுத்து, நெடுநேரம் கழித்துச் சாகும். சுட்டவர் ஆயிரம் கெசம் நடந்து அங்கே சேர்வதற்குள் மாலை மங்கிவிடும். சுட்டதை அவர் 'குறி தவறியது' என்று கணக்கில் எழுதிவிட்டு அடுத்ததைத் தேடுவார். இதனைத் திறமை என்கின்றனர். இலக்குப் பலகையைச் சுடுவதற்கு இது திறமைதான். பலகைக்கு வலி இல்லை.

'ரூசவெல்ட்டும் தம் காலத்துப் புதிய வின்செஸ்டர் துப்பாக்கியைத்தானே ஏந்தினார். கருவி வளர்வது இயற்கை' என்று இதற்கு மறுமொழி வரும். கருவி புதிதா பழையதா என்பது கேள்வியே அன்று. அவர் ஏந்திய துப்பாக்கியோடு அவர் விலங்கின் மூக்குக்கும் செவிக்கும் எட்டும் எல்லைக்குள் தவழ்ந்து செல்ல வேண்டியிருந்தது. காற்று திரும்பினால் வேட்டை முடிந்தது. அந்த எல்லைக்குள் நுழையாமலே கொல்ல உதவும் கருவி, நூறாண்டு பழையதாயினும் குற்றம் குற்றமே.

அடுத்து, பணம். மலைமுகட்டில் வாழும் பெருங்கொம்பு ஆட்டை வேட்டையாட ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்குச் சில உரிமச் சீட்டுகளையே வழங்குகிறது. அவை குலுக்கல் முறையில் தரப்படுகின்றன. இருபது முப்பது ஆண்டுகள் விண்ணப்பித்தும் பெயர் எழாமல் முதுமையடைந்த உழைப்பாளிகள் பலர். அதே வேளையில், ஓரிரு சீட்டுகள் தனியே எடுத்துவைக்கப்பட்டு ஏலத்தில் விடப்படுகின்றன. 2013-இல் மொன்டானா மாநிலத்தின் அத்தகைய சீட்டு ஒன்று 4,80,000 அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஆடுகளின் நலனுக்கே செல்கிறது என்பர். செல்கிறது, மகிழ்ச்சி. ஆனால் இவ்வளவு தொகை கொடுத்தவர் காட்டில் தனியே அலைந்து ஏமாந்து திரும்புவாரா? அவருக்காகக் கூலியாட்கள் பல வாரங்கள் முன்னதாகவே மலையேறி, மிகப் பெரிய கொம்புடைய கிடாயைக் கண்டு, அது படுக்கும் பாறையையும் மேயும் சரிவையும் குறித்து, கண் அகலாமல் காத்திருக்கின்றனர். முதலாளி வந்து இறங்குகிறார், காட்டப்பட்ட திசையில் சுடுகிறார், படம் எடுத்துக்கொள்கிறார். 1902-இன் கயிறு இங்கே கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவே வேறுபாடு. ஆட்டின்மீது அன்புடையவர் அந்தத் தொகையைச் சீட்டில்லாமலே நன்கொடையாகத் தரலாமே என்று கேட்டால், ஏலக் கூடத்தில் அமைதி நிலவும்.

ஏலத்துக்கும் ஒருபடி கீழே இறங்கினால் உயர்வேலிப் பண்ணை வருகிறது. டெக்சாசு முதலிய மாநிலங்களில் எட்டடி, பத்தடி வேலிக்குள் மான்களை அடைத்து, கொம்பு பெருக்கத் தேர்ந்த கிடாய்களோடு இணைசேர்த்து, ஊட்டம் கொடுத்து வளர்க்கின்றனர். கொம்பின் அளவு ஏற ஏற விலையும் ஏறும். இறைச்சிக் கடையில் எடைக்கு விலை. இங்கே அங்குலத்துக்கு விலை. பூன் அண்டு கிராக்கெட் கழகம் வேலிக்குள் கொன்ற விலங்கைத் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை. ஆயினும், 1932-இல் முதற்பதிப்புக் கண்ட அந்தப் பதிவேடே கொம்பை அங்குலத்தால் அளக்கும் ஆசையை வளர்த்துவிட்டது என்ற உண்மையையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. மறையப்போகும் விலங்கினங்களுக்கு ஒரு நினைவுச் சான்றாகத் தொடங்கிய அளவீடு, உயிரோடு இருக்கும் விலங்கின் தலைமீது ஒட்டப்படும் விலைச்சீட்டாயிற்று.

வேலி தன் எல்லைக்குள் நிற்பதும் இல்லை. மான் இனத்தின் மூளையைத் தின்று உடலை உருக்கிக் கொல்லும் நலிவு நோய் 1967-இல் கொலராடோவில், ஆய்வுக்காக அடைத்து வளர்த்த மான்களிடம் முதன்முதலில் காணப்பட்டது. மருந்தில்லாத அந்த நோய் இன்று முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில் பரவியுள்ளது. காட்டு மான்கள் தாமும் அதனைப் பரப்புகின்றன என்பது மெய். ஆனால் மலையும் ஆறும் கடலும் தடுத்த தொலைவை அது தாண்டியதற்குப் பண்ணை மான்களை வண்டியிலும் கப்பலிலும் ஏற்றியதும் ஒரு காரணம். கனடாவிலிருந்து வாங்கிய எல்க் மான்களோடு தென்கொரியாவுக்கே அந்நோய் சென்று 2001-இல் கண்டறியப்பட்டது. நேர்மை பற்றிய பேச்சு வெறும் மேன்மக்கள் பொழுதுபோக்கு என்று இகழ்வோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

மேன்மக்கள் என்ற சொல் வந்துவிட்டதால், இன்னொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். நேர்மை வேட்டையின் விதிகளை வகுத்தோர் செல்வர்கள். பசிக்காக வேட்டையாடிய எளியவரை அவர்கள் 'பானை வேடர்' என்று எள்ளினர். அம்பும் வில்லும் ஏந்தி வேட்டையாடுவோருக்காக 1961-இல் போப் அண்டு யங் கழகம் தோன்றியது. அதன் பெயரில் வாழும் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் வில்வித்தையைக் கற்றது யாரிடம்? 1911-இல் கலிபோர்னியாவில் ஊருக்குள் வந்து சேர்ந்த இஷியிடம். யாகி இனத்தின் கடைசி மனிதர் அவர். அவருடைய மக்களைக் குடியேறிகள் துப்பாக்கியோடு தேடிச் சென்று கொன்றனர். எஞ்சிய ஓரிருவர் பல ஆண்டுகள் மலையிடுக்கில் மறைந்து வாழ்ந்தனர். அவருக்கு எந்தக் கழகமும் தப்பிக்கும் வாய்ப்பை விதியாக எழுதவில்லை. காற்றின் திசையறிந்து, மூச்சடக்கி, மிக அருகில் நெருங்கி எய்யும் கலையை அவரே தம் வில்லோடு அந்த மருத்துவருக்குக் கற்பித்தார். நேர்மை வேட்டை செல்வர் கண்டுபிடித்தது என்று இனிமேலும் பெருமை பேசுவது பொருந்தாது.

அப்படியாயின் திட்டமே வேண்டாமா? வேண்டும், இன்று போடுவதைவிடக் கடுமையான திட்டம் வேண்டும். ஆனால் திட்டத்தின் சுமை வேட்டைக்காரரின் முதுகில் ஏற வேண்டும், விலங்கின் கழுத்தில் அன்று. மலைச்சரிவில் காலைக் குளிரில் காற்று கீழ்நோக்கி இறங்கும். வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து ஏறுவது என்பதை இதனை வைத்து வகுக்க வேண்டும். டால் என்னும் வெண்ணிற மலையாட்டின் கொம்பு முழுவட்டம் சுற்றியிருக்க வேண்டும், அல்லது அதற்கு எட்டு வயதாவது நிரம்பியிருக்க வேண்டும் என்பது அலாஸ்கா விதி. இரு கொம்பும் ஒடிந்த கிடாய்க்கு மட்டும் விலக்கு உண்டு. பாறைமேல் படுத்து, கொம்பிலுள்ள ஆண்டு வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஐயம் எழுந்தால் எழுந்து நடந்துவிட வேண்டும். அவ்வாறு நடந்துவிடுவதற்கு எத்தனை நாள் ஒதுக்கப்பட்டுள்ளது? அதுவே திட்டத்தின் முதற்கேள்வி. ஐந்து நாள் விடுப்பும் முன்பணமும் கட்டி வந்தவருக்கு ஐந்தாம் நாள் மாலையில் எல்லாக் கிடாயும் எட்டு வயதாகவே தோன்றும்.

மூஸ் மானின் வேட்டை இதனை இன்னும் நன்கு விளக்கும். அலாஸ்காவின் வளர்ந்த ஆண் மூஸ் 1,600 ராத்தல்வரை எடை நிற்கும். அதிலிருந்து ஏறக்குறைய 500 ராத்தல் இறைச்சி கிடைக்கும். கால், விலா, கழுத்து, முதுகு என எதனையும் காட்டில் விட்டுவிட அங்குச் சட்டம் இடம் தராது. கொம்பை இறைச்சிக்கு முன்னதாக எடுத்து வரவும் கூடாது. ஒருவர் ஒரு நடைக்கு எண்பது ராத்தல் சுமந்தாலும், சதுப்பில் முழங்கால் புதைய ஆறேழு முறை சென்று மீள வேண்டும். செப்டம்பர் வெயில் அடித்தால் துணிப்பையில் கட்டி நிழலில் தொங்கவிட்டுக் காற்றாட வைக்க வேண்டும். இல்லையேல் எலும்பருகில் புளித்துவிடும். ஆற்றங்கரையிலிருந்து ஐந்து மைல் உள்ளே அருமையான மூஸ் ஒன்று நிற்கிறது. துணைக்கு ஓர் ஆள்தான் இருக்கிறார். சுடலாமா? சுடக் கூடாது. இந்த விடை காட்டில் நிற்கும்பொழுது தோன்றாது. வீட்டிலேயே எழுதி எடுத்துச் செல்ல வேண்டிய விடை அது. குறி தவறிய வேலுக்கும் பெருமை உண்டு என்று கண்ட தமிழ் மரபுக்கு, எறியாமல் திரும்பிய வேலின் பெருமையை விளக்க வேண்டியதில்லை.

வேட்டையே கூடாது என்போர் இங்கே குறுக்கிடுவர். மானுக்கும் துப்பாக்கிக்கும் இடையே என்ன நேர்மை, மான் இந்தப் போட்டிக்கு ஒப்புக்கொண்டதா என்று கேட்பர். கேள்வி நியாயமானது. போட்டி என்று இதனை அழைப்பதே பொய். விலங்கு விளையாடவில்லை, உயிர் பிழைக்க ஓடுகிறது. நேர்மை என்பது இங்கே இரு தரப்பாருக்கு இடையே உள்ள ஒப்பந்தம் அன்று. வலியவன் தன் வலிமைக்குத் தானே போட்டுக்கொள்ளும் வேலி. அந்த வேலி இருக்கும்வரைதான் வேட்டையாடாத பெரும்பான்மை மக்கள் இச்செயலைப் பொறுத்துக்கொள்வர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்தது இதற்குச் சான்று. அங்கே ஏறக்குறைய 15,000 கிரிஸ்லி கரடிகள் இருப்பதாக மாநில அரசே கணக்கிட்டிருந்தது. எண்ணிக்கை போதும், வேட்டை தொடரலாம் என்று வேட்டைச் சங்கங்கள் வாதாடின. ஆனால் கரையோரத் தொல்குடியினர் 2012-இலேயே தம் நிலத்தில் தலைக்கும் தோலுக்குமான கரடி வேட்டையை ஏற்பதில்லை என்று அறிவித்தனர். பொது மக்களும் அதனை வெறுத்தனர். 2017 டிசம்பரில் மாநிலம் முழுதும் கிரிஸ்லி வேட்டை நிறுத்தப்பட்டது; தொல்குடியினரின் உரிமை வேட்டைக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அந்த நாளில் வேட்டைச் சங்கங்களின் கையிலிருந்த எண்கள் அவற்றைக் காக்கவில்லை. கரடியின் இறைச்சியை உண்ணாமல் தலையையும் தோலையும் எடுத்துச் சென்ற படங்களை மக்கள் பல ஆண்டுகளாகப் பார்த்திருந்தனர்.

எனவே செய்ய வேண்டியது அரசை எதிர்த்து முழங்குவது அன்று. அந்த நொடியிலேயே படம் அனுப்பும் கருவிகளை அரிசோனா விலக்கியதுபோல் மற்ற மாநிலங்களும் விலக்கட்டும். ஏலத்துக்கு எடுத்துவைக்கும் சீட்டுகள் குலுக்கல் பெட்டிக்கே திரும்பட்டும். வெற்றி விழுக்காட்டை விளம்பரம் செய்யும் நிறுவனத்திடம், காயப்பட்டுத் தப்பிய விலங்குகளின் எண்ணிக்கையையும் அதே அளவு எழுத்தில் அச்சிடுமாறு வேட்டைக்காரரே கேட்கட்டும்.

இது நடவாத காரியம் அன்று. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் மொன்டானா வாக்காளர்கள் 143-ஆம் எண் மக்கள் முன்மொழிவை நிறைவேற்றினர். புதிய வேட்டை விலங்குப் பண்ணைகள் தோன்றுவதையும், வேலிக்குள் அடைத்த விலங்கைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சுடவிடுவதையும் அது தடை செய்தது. பண்ணை முதலாளிகள் வழக்குமன்றம்வரை சென்றும் அந்தச் சட்டம் நிலைத்தது. அந்த முன்மொழிவுக்குக் கையெழுத்துத் திரட்டி, ஊர் ஊராக வாதாடியவர்களுள் முன்னணியில் நின்றோர் அம்மாநிலத்து வேட்டைக்காரர்களே.